தென்னையின் பகை: கருவண்டு

வீட்டுத் தோட்டத்துத் தென்னைக்கு உண்டாகும் பகைகளுள் கருவண்டு தலையாயது. தலையிற் கொம்புடைமையால் இதனைக் காண்டாமிருக வண்டு என்றுங் கூறுவர். இஃது இரவிலே பறந்துவந்து, விரியாத குருத்தைத் துளைத்து அதன் சாற்றை உண்ணும். பின்னர் விரியும் ஓலை, கத்தரியால் வெட்டியது போன்று முக்கோணமாகக் குறைந்து காணப்படும். துளைவாயிலில் மென்று தள்ளிய நார் கிடப்பின், வண்டு உள்ளே உளதெனத் துணிந்து, கொளுக்கிக் கம்பியாற் குத்தி எடுத்தல் வேண்டும். வேப்பம்விதைத்தூள் ஒரு பங்கும் மணல் இரு பங்குமாகக் கலந்து மட்டைக் கவட்டில் இடுதலும் நன்று. தென்னைக்குக் குருத்து ஒன்றே. அது முற்றும் அழியின் மரமும் பட்டுவிடும். வண்டு செய்த புண்வழியே செவ்வண்டும் உட்புகுதல் உண்டு.

ஆயின், கருவண்டு முட்டையிடுவது உயிருள்ள மரத்திலன்று; எருக்கும்பியிலும் உக்கிய தென்னங்குற்றியிலுமேயாம். அங்கே அதன் வெண்புழுக்கள் பல மாதம் வளரும். ஆதலின், எருவைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழித்தலும், பட்ட மரத்தை அகற்றுதலும் இன்றியமையாதன. இவ்வினத்தைக் கொல்லும் வைரசு ஒன்று 1963 இல் மலாயாவிலே கண்டறியப்பட்டு, 1967 இல் சமோவாத் தீவுகளிற் பரப்பப்பட்டுப் பெரும்பயன் தந்தது. எனினும், இல்லத்தார்க்குக் கைவந்த முறை துப்புரவே. மரத்தின் உச்சியை நோக்குவோர் முற்றத்து எருக்கும்பியையும் நோக்குதல் கடனாகும்.