முழங்கையின் வழக்கு

கிரிக்கெட் ஆட்டத்தில் மடங்கிய கையோடு பந்து வீசலாகாது என்பதே நம்மில் பலருடைய எண்ணம். விதி அப்படிச் சொல்லவில்லை. மடங்கிய கை மடங்கியபடியே சுழன்று வந்தால் அதில் தோஷம் ஒன்றுமில்லை. புயம் தோளின் மட்டத்துக்கு உயர்ந்த க்ஷணம் தொடங்கிப் பந்து விரலை விட்டு நீங்கும் க்ஷணம் வரையில் முழங்கை நிமிருமானால், அந்த நிமிர்வுதான் குற்றம். விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவிலே நிகழ்ந்து முடிந்துவிடும் இந்தக் காரியத்தை வெறுங்கண்ணால் கண்டு தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை, மைதானத்தில் நிற்கும் ஒரு மனிதரிடம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒப்படைத்து வைத்திருந்தார்கள்.

1995 டிசம்பர் 26ஆம் தேதி, மெல்போர்னில், கண்டியைச் சேர்ந்த இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று கருதிய நடுவர் டாரல் ஹேர், அவருடைய பந்துகளை ஏழு முறை நோ-பால் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டில் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் அந்தக் கை பரிசோதிக்கப்பட்டபோது, முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுவதும் நிமிர இயலாதது என்பதும், எறிவதாகத் தோன்றியது பெரிதும் கண்ணின் மயக்கமே என்பதும் நிபுணர்களின் முடிவாயின.

இந்த மயக்கம் எங்ஙனம் விளைகிறது என்பதைத் தெரிந்துகொள்ளப் பெரிய சாஸ்திர ஞானம் வேண்டியதில்லை. முருங்கைக்காய் பறிக்கும் துரட்டி ஒன்றை விளக்குக்கு முன்னே பிடித்து மெல்லத் திருப்பினால், சுவரில் விழும் அதன் நிழல் ஒரு சமயம் வளைந்தும் மறு சமயம் நேராகவும் தெரியும். துரட்டியோ இருந்தபடியே இருக்கிறது. மடங்கிய முழங்கையுடைய ஒருவர் தோளிலிருந்து புயத்தை உருட்டிக்கொண்டே கையைச் சுழற்றும்போது, ஒரே கோணத்திலிருந்து பார்க்கும் நடுவருக்கும் தொலைக்காட்சிக் காமிராவுக்கும் கிட்டுவது அந்த நிழலைப் போன்ற தோற்றந்தான். முரளிதரனுக்குத் தோளும் மணிக்கட்டும் அசாதாரணமாகச் சுழலக் கூடியவையாதலால் மயக்கம் இன்னும் பலப்பட்டது.

ஆகையால், உடல் இயக்கத்தை அளக்கும் சோதனைச் சாலையில் காமிராக்கள் நாற்புறமும் நிற்கின்றன. வீசுகிறவரின் மேல்சட்டையைக் கழற்றச் செய்து, தோளிலும், முழங்கையின் இரு பக்கத்து எலும்பு முனைகளை ஒட்டியும், மணிக்கட்டிலும் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு உருண்டைகளை ஒட்டுகிறார்கள். விநாடிக்கு இருநூறுக்கு மேற்பட்ட படங்களை எடுக்கும் காமிராக்களில் இரண்டுக்குக் குறையாதவை ஓர் உருண்டையைக் கண்டுவிட்டால், வெளியில் அது நின்ற இடத்தைக் கணித்துவிடலாம்; அந்த இடங்களைக் கொண்டு புயத்துக்கும் முன்கைக்கும் இடையிலுள்ள கோணத்தைப் படத்துக்குப் படம் எழுதிக்கொண்டு போகலாம். எலும்பின்மேல் தோல் வழுக்குவதால் இந்த அளவையிலும் சிறு பிழை உண்டென்பதை நல்ல நிபுணர் எவரும் மறைப்பதில்லை.

2004ஆம் ஆண்டில் விவகாரம் மறுபடியும் கிளம்பியது. இம்முறை சந்தேகத்துக்கு ஆளானது முரளிதரனின் தூஸ்ரா. ஆப்-பிரேக் போலக் கிளம்பி எதிர்த்திசையில் திரும்பும் பந்து. பெர்த் நகரத்தில் அளந்தபோது முழங்கை சராசரியாக 14 பாகைக்குச் சற்று அதிகமாக நிமிர்ந்தது. பயிற்சியினால் அதை 10 பாகையளவுக்குக் குறைத்தார்கள். ஆனால் சுழற்பந்து வீச்சாளருக்கு அப்போதிருந்த வரம்பு 5 பாகை. மித வேகத்துக்கு 7.5, அதிவேகத்துக்கு 10. அதே ஆண்டில் முழங்கையை அசையவிடாத எஃகுச் சட்டத்தை அணிந்துகொண்டு, காமிராக்களின் முன்னே தூஸ்ரா உட்பட எல்லாப் பந்துகளையும் முரளிதரன் வீசிக் காட்டினார். அதனாலும் எல்லாருடைய மனமும் மாறிவிடவில்லை.

வழக்கைத் திருப்பியது வேறொன்று. இங்கிலாந்தில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டியில் பல நாட்டு வீச்சாளரையும் படம் பிடித்து ஆராய்ந்ததில், யாரும் குறை கூறியிராத கைகளும் நிமிரத்தான் செய்கின்றன என்பது பிரத்தியட்சமாயிற்று. இதில் வியப்பில்லை. தோளை அச்சாகக் கொண்டு கை அத்தனை வேகத்தில் சுழலும்போது முன்கை வெளிநோக்கி இழுபடுகிறது. இலேசாக மடங்கிய முழங்கை, உடையவரின் சம்மதத்தைக் கேளாமலே திறந்துகொள்கிறது. பழைய வரம்புகளை வகுத்தவர்கள் எந்தக் கையை மனத்தில் வைத்து வகுத்தார்களோ, அத்தகைய கை மைதானத்தில் அநேகமாக இல்லை என்றே சொல்ல வேண்டும். கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும் எல்லையை ஆதாரமாகக் கொண்டு, 2005 மார்ச் முதல் சகலருக்கும் 15 பாகை என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் விதித்தது. ஒருவருக்காகவே சட்டத்தை வளைத்தார்கள் என்று அன்று எழுந்த கூச்சல், என் அபிப்பிராயத்தில், நியாயமற்றது.

இதனால் சகல சந்தேகங்களும் தீர்ந்துவிட்டன என்று எண்ணலாகாது. சோதனைச் சாலையில் அடக்கமாக வீசுகிறவர், பத்தாயிரம் பேர் ஆரவாரிக்கும் ஆட்டத்தின் கடைசி ஓவரிலும் அவ்வாறே வீசுவார் என்பதற்கு உத்தரவாதம் ஏது? அதற்காகத்தான் ஆட்டத்தில் எடுத்த படங்களோடு சோதனைப் படங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆயினும் நடுவரின் சந்தேகம் இப்போது பெரும்பாலும் புகார் மாத்திரமே. தீர்ப்பு அளவுக்குப் பிறகு வருகிறது. அப்படி அளக்கும் நிலையங்களுள் ஒன்று சென்னைப் போரூரில், ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளின் சுனில் நரைன், 2015இல் அங்கே தம் கையைச் சோதனைக்கு உட்படுத்திய பிறகே அந்த ஆண்டு ஐ.பி.எல். ஆட்டங்களில் பந்து வீச அனுமதி பெற்றார்.