பெயர் இட்டவரும் பெயர் ஏற்றவரும்

1658 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும், நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் தம் நாட்டு ஊர்ப் பெயர்களையே சூட்டினர். ஆள வந்தவருக்கு அயல்நாடும் தம் நாட்டின் நிழலாகவே தோன்றும்.

அந்நாட்டு வாழ்வின்மீது கொண்ட அன்பினால் குடியமர்ந்தோரின் நெறி வேறு. 1949 முதல் 1954 வரை இலங்கையின் மகாதேசாதிபதியாயிருந்த சோல்பரிப் பிரபுவின் மைந்தர் ஜேம்ஸ் ராம்ஸ்பொதம், கொழும்புத்துறை யோகசுவாமிகளை அடைந்து, சைவ வாழ்வில் தோய்ந்து, சந்தசுவாமி ஆனார். ஜேர்மனியிற் பிறந்த ஒருவரும் கௌரிபாலா சுவாமி எனப் பெயர் ஏற்றுச் செல்வச்சந்நிதி அருகே ஆச்சிரமம் அமைத்து வாழ்ந்தார்.

1971 இல் தந்தையார் மறைந்தபொழுது பிரபுப் பட்டம் சந்தசுவாமியைச் சேர்ந்தது. ஆயினும் அடியார்களுக்கு அவர் சந்தசுவாமியே.

லெய்டன் என்னும் பெயர் வேலணையார் நாவில் தங்கவில்லை. சந்தசுவாமி என்னும் பெயரோ அடியார் நெஞ்சில் தங்கிவிட்டது.