சுமையைச் சமன் செய்தல்

காவுதடியில் நீர் சுமப்பவனை நேயர்களில் மூத்தோர் கண்டிருப்பீர்கள். தடியின் இரு நுனியிலும் இரு குடங்கள், நடுவே தோள். ஒரு குடத்தில் நீர் தளும்பிக் குறைந்துவிட்டால் அவன் மீண்டும் கிணற்றுக்கு ஓடுவதில்லை. தடியைத் தோளிற் சிறிது நகர்த்திக் கொள்கிறான். சுமை அப்படியே இருக்கிறது. அதனைத் தாங்கும் இடம் மட்டுமே மாறியது.

இன்று பல தொழிற்றுறையினரும் வழங்கும் 'சுமையைச் சமன் செய்தல்' என்னும் தொடருக்கு அடிப்படைப் பொருள் இதுவே. ஆயினும் துறைமுகத்தில் ஒருவர் சொல்வதும், மின்னிலையத்தில் ஒருவர் சொல்வதும் ஒன்றல்ல. அதே தொடர் ஓர் ஒப்பந்தத்தில் இடம்பெறும்போது இன்னொரு வினாவும் பிறக்கிறது. தடியை நகர்த்துபவர் யார்? அதனால் வரும் நட்டம் யாருடையது?

முதலிற் கப்பலைப் பார்ப்போம். திருகோணமலை மாவாலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பலில் மணிகள் மூடைகளாக வருவதில்லை. கப்பலின் வயிற்றிற் குவியலாகக் கொட்டப்படுகின்றன. கடலிற் கப்பல் ஆடும்போது மணிகள் நீரைப்போல ஒரு பக்கஞ் சரியக்கூடும். சரிந்த பாரம் கப்பலை மேலுஞ் சரிக்கும். ஆதலால் ஏற்றியவுடன் குவியலின் மேற்பரப்பை மட்டமாக்குவர். இவ்வேலைக்கான கூலி கப்பற்காரனுடையதா, சரக்குக்காரனுடையதா என்பதைக் கப்பலை அமர்த்தும் ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதிவிடுவது வழக்கம். கூலியைச் சரக்குக்காரனே கொடுத்தாலும், கப்பல் நிலைகுலையாதிருக்கும்படி பார்க்கும் கடமை கப்பற் றலைவனை விட்டு நீங்குவதில்லை. கடற்றொழில் மிகப் பழையது. கவிழ்ந்த கப்பல்கள் பல. ஆகவே அவர்களுடைய வாசகங்களிற் பெரும்பாலும் ஐயத்துக்கு இடமில்லை.

கணினித் துறையினருக்கோ இது பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளின் கவலை. ஒரே வேளையில் வந்து மோதும் ஆயிரக்கணக்கான வேண்டுகோள்களைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டு விடுதலே அங்குச் சமன் செய்தல்.

மின்சாரத்தின் இயல்பு வேறு. கோதுமையைக் களஞ்சியத்தில் வைக்கலாம். வேண்டுகோளைச் சில கணங்கள் காக்க வைக்கலாம். மின்கம்பியில் ஓடும் வலுவோ பிறக்கும் கணத்திலேயே செலவாக வேண்டும். வீட்டிலிருந்தே தொடங்குவோம். மூவவத்தை இணைப்புள்ள ஒரு வீட்டில் நீர்ப்பம்பி, குளிரூட்டி, நீர்சூடாக்கி மூன்றையும் ஒரே அவத்தையில் மாட்டிவிட்டால், அந்த ஒன்று மட்டும் அடிக்கடி அறுந்துவிழும். மற்றை இரண்டும் சும்மா கிடக்கும். மின்வினைஞர் வந்து கம்பிகளை மாற்றிப் பங்கிட்டுக் கொடுப்பார். தெருவிலுள்ள நிலைமாற்றிக்கும் இதே நோய் உண்டு. ஓர் அவத்தையில் வீடுகள் மிகுந்துவிட்டால், தெருவின் கடைக்கோடியிலுள்ள வீட்டில் விளக்கு மங்கி எரியும்.

அடுத்தது மணிக்கூட்டைப் பார்த்துச் செய்யும் சமன். இலங்கையின் கைத்தொழிற் கட்டணப் பட்டியலில் நாள் மூன்று கூறாக வகுக்கப்பட்டுள்ளது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சவேளை; அப்போது அலகு ஒன்றின் விலை மிக அதிகம். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மிகக் குறைவு. எஞ்சியது பகல். மீனவருக்குப் பனிக்கட்டி செய்யும் ஆலை இதனாற் பயன்பெறும். நள்ளிரவில் உறையவைத்த கட்டி விடியும்வரை உருகாமற் கிடக்கும். விலை மலிந்த வேளையில் இயந்திரத்தை ஓட்டினாற் போதும். தேயிலைத் தொழிற்சாலைக்கு அந்த வசதி இல்லை. பகலிற் கொய்த கொழுந்து அன்றிரவே வாட்டப்பட வேண்டும், விசிறியை 6.30க்கு நிறுத்தி, பத்தரைக்குப் பின் வா என்று கொழுந்துக்குச் சொல்ல முடியாது. பெருந்தொகை மின்சாரம் பெறுவோர் அலகுகளுக்கு மட்டுமன்றி, மாதத்தில் தாம் ஒருங்கே இழுத்த உச்ச வலுவுக்குந் தனிக்கட்டணம் செலுத்துகின்றனர். எல்லா இயந்திரங்களையும் ஒரே நேரத்தில் முடுக்கிய ஒரு காலைப்பொழுது அந்த மாதத்துக் கணக்கையே உயர்த்திவிடும். இவ்வொப்பந்தத்திற் சமன் செய்யும் வேலை வாடிக்கையாளனுடையது. செய்யத் தவறினால் நட்டமும் அவனுடையதே.

இனி நாடு முழுவதற்குமான சமனுக்கு வருவோம். நமது மின்வலையின் மீடிறன் செக்கனுக்கு 50 சுற்று. சுமை மிகுந்தால் அது தாழும்; குறைந்தால் ஏறும். விக்டோரியா, கொத்மலை போன்ற நீர்மின் நிலையங்கள் நீர்வாயிலைத் திறந்தும் ஒடுக்கியும் விரைவில் ஈடு செய்யவல்லன. நுரைச்சோலையில் உள்ள, ஒவ்வொன்றும் 300 மெகாவாற்றான மூன்று நிலக்கரிப் பொறிகளோ மெல்லவே அசைவன. வாயில் திறக்குமுன் கழியும் ஓரிரு செக்கனில் வலையைத் தாங்கிப் பிடிப்பது எது? சுழன்றுகொண்டிருக்கும் அப்பாரிய உருளைகளின் வேகமே. வண்டிச் சக்கரம் மாடு நின்ற பின்னும் சிறிது உருள்வது போல அவை தம் சுழற்சியாற் காலங் கொடுக்கின்றன. கூரையிலுள்ள சூரியத்தகட்டிற் சுழல்வது எதுவுமில்லை.

2025 பெப்ரவரி 9ஆந் திகதி இதனை நாம் எல்லோரும் இருட்டிற் கற்றோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலைகள் மூடியிருந்தன, வெயில் நன்றாக அடித்தது. சுமை சிறியது, அதிற் பெரும்பங்கைச் சூரியவலு தந்துகொண்டிருந்தது, சுழலும் பொறிகள் சிலவே. முற்பகல் 11 மணி கழிந்த சிறிது நேரத்திற் பாணந்துறை உபமின்னிலையத்தில் ஒரு கோளாறு. குரங்கொன்று நிலைமாற்றியில் அகப்பட்டதாக அமைச்சர் கூறினார். நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. நுரைச்சோலைப் பொறிகளும் நின்றுவிட்டதால், அடுத்த நாட்களிலும் ஒன்றரை மணி நேரம் மின்வெட்டு இருந்தது. உலகப் பத்திரிகைகள் குரங்கைப் பற்றி எழுதிச் சிரித்தன. என் எண்ணம் வேறு. தொழிற்சாலைகள் ஓடும் ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் அதே குரங்கு அங்கே ஏறியிருந்தால், ஓர் ஊர் மட்டும் இருண்டு அத்துடன் முடிந்திருக்கவுங் கூடும். சூரியவலு மிகுந்து சுழலும் பொறிகள் குறைந்திருந்தமையே வலையின் பலவீனம் என்று மின்சார சபையும் பின்னர் விளக்கிற்று.

அதனாற்றான் அவ்வாண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரைமேற் சூரியவலு வைத்திருந்தோரைப் பிற்பகல் 3 மணிவரை அதனை அணைத்து வைக்குமாறு சபை வேண்டியது. பொறியியலின்படி அவ்வேண்டுகோள் சரியானதே. ஒப்பந்தத்தின்படி பார்த்தால்தான் தடி ஒருபக்கம் சாய்கிறது.

தனியார் அனல்மின் நிலையங்களோடு செய்யும் ஒப்பந்தங்களிற் பொதுவாக இரு கொடுப்பனவுகள் உண்டு. ஒன்று உற்பத்தியான அலகுக்கு. மற்றையது பொறி ஆயத்தமாக நிற்பதற்கு. கட்டுப்பாட்டு நிலையம் 'நிறுத்து' என்றால் நிறுத்தலாம். ஆயத்தமாக நின்றதற்குரிய பணம் வந்துவிடும். 2016இல் தொடங்கிய கூரைமேற் சூரியவலுத் திட்டத்தில் வீட்டுக்காரர் செய்த ஒப்பந்தம் 20 ஆண்டுக்குரியது: முதல் 7 ஆண்டுகளுக்கு மிகை அலகு ஒன்றுக்கு 22 ரூபாய், பிந்திய 13 ஆண்டுகளுக்கு 15 ரூபாய் 50 சதம். பணம் வலைக்குச் சென்ற அலகுக்கு மட்டுமே. ஆயத்தமாக நின்றதற்கு ஒன்றுமில்லை. ஒருவர் வாளாவிருக்கும்போதும் ஊதியம் பெறுகிறார். மற்றவர் வாளாவிருந்தால் இழக்கிறார். இருவரும் செய்வது ஒரே பணி, வலையைச் சமன் செய்தல்.

அந்த விடுமுறையிற் சபையின் சொற்கேட்டு ஆளியை அணைத்தவர்களுட் பலர் வங்கிக் கடன்பட்டுத் தகடு பூட்டியவர்கள். பிற்பகல் 3 மணிவரை அவர்கள் கூரை தந்திருக்கக்கூடிய அலகுகள் மானியில் ஏறவில்லை. வங்கித் தவணைக்கு விடுமுறை கிடையாது.