சிக்னலில் தொடங்கிய பந்தயம்!

சாலையில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும்? ‘நிற்க வேண்டும்’ என்று உடனே சொல்லிவிடுவீர்கள். பச்சை எரிந்தால்? ‘போகலாம்’ என்பீர்கள். ஆனால், அமெரிக்காவில் ஒரு சாலையில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பு பச்சை விளக்குக்கு வேறொரு அர்த்தமும் இருந்தது. ‘பந்தயம் ஆரம்பம்!’ என்பதுதான் அது.

அந்தச் சாலையின் பெயர் உட்வர்டு அவென்யூ. மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் நகரில் தொடங்கி, பான்டியாக் என்ற ஊர் வரை சுமார் 43 கி.மீ. தூரம் செல்கிறது. அமெரிக்கக் கார்களின் கதையை இந்தச் சாலையை வைத்தே சொல்லிவிடலாம்.

சாலையும் விளக்கும்

அந்தக் காலத்தில் அமெரிக்காவிலும் மண் சாலைகள்தான் அதிகம். மழை பெய்தால் சேறுதான்! 1909-ம் ஆண்டு இந்த உட்வர்டு சாலையில்தான் ஒரு மைல் நீளத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள். அதைப் பார்க்கவே வெளியூர்களிலிருந்து பலர் வந்தார்களாம்.

இதே சாலையில் ஹைலேண்ட் பார்க் என்ற இடத்தில்தான் ஹென்றி போர்டின் தொழிற்சாலை இருந்தது. 1913-ல் அங்கே ஒரு புதுமை நடந்தது. தொழிலாளர்கள் காரைத் தேடிப் போகாமல், கார் நகர்ந்து நகர்ந்து தொழிலாளர்களிடம் வந்தது! முன்பு ஒரு காரின் அடிப்பாகத்தைப் பொருத்தப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது. இந்த முறையில் அது 93 நிமிடமாகக் குறைந்தது. விலையும் இறங்கியது. சாதாரணத் தொழிலாளியும் கார் வாங்கினார்.

கார்கள் பெருகினால் மோதல்களும் பெருகும் அல்லவா? டெட்ராய்ட் காவலர் வில்லியம் பாட்ஸ் இதற்கு ஒரு வழி கண்டார். ரயில்வேயில் பயன்பட்ட வண்ண விளக்குகளைப் பார்த்து, நான்கு திசைகளுக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை காட்டும் சிக்னலை உருவாக்கினார். 1920-ல் அது உட்வர்டு சாலைச் சந்திப்பில் எரிந்தது. விபத்தைத் தடுக்க வந்த விளக்கு அது. பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள்!

மாலை நேரக் கார் உலா

1950, 60-களில் உட்வர்டு சாலை, வார இறுதி மாலைகளில் திருவிழா போல் இருக்கும். மிச்சிகனில் 16 வயதில் கார் ஓட்ட உரிமம் கிடைத்துவிடும். இளைஞர்கள் கார்களைக் கழுவித் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, நண்பர்களோடு கிளம்பிவிடுவார்கள்.

சாலையோரம் ‘டிரைவ்-இன்’ உணவகங்கள் இருந்தன. காரை விட்டு இறங்கவே வேண்டாம். ஜன்னல் கண்ணாடியில் தட்டை மாட்டி, பணியாளர் உணவு வைத்துவிட்டுப் போவார். சாப்பிட்டு முடித்து, ரேடியோவில் பாட்டுக் கேட்டபடி அடுத்த உணவகம் வரை மெதுவாக ஓட்டிப்போய், மறுபடி திரும்பி வருவார்கள். இதைத்தான் ‘குரூசிங்’ என்றார்கள். நாம் கார் உலா என்று சொல்லலாம். அப்போது ஒரு காலன், அதாவது 3.8 லிட்டர் பெட்ரோல், சுமார் 30 சென்ட்தான்.

கார்களும் சாதாரணமானவை அல்ல. 1964-ம் ஆண்டு மாடலான பான்டியாக் ஜி.டி.ஓ. காரின் எஞ்சின் கொள்ளளவு சுமார் 6.4 லிட்டர். 100 சி.சி. மோட்டார் பைக்கோடு ஒப்பிட்டால், 64 பைக் எஞ்சின்களைச் சேர்த்து வைத்தது போல! இப்படிப்பட்ட கார்களுக்கு ‘மசில் கார்’ என்று பெயர் வந்தது. பயில்வானின் புஜபலம் கொண்ட கார் என்று பொருள். அதே ஆண்டு ஏப்ரலில் போர்டு மஸ்டாங் வந்தது. கார் கம்பெனி பொறியாளர்களே தங்கள் புதுக் கார்களை இந்தச் சாலைக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தது உண்டு.

இப்போது சிக்னலுக்கு வருவோம். சிவப்பு விளக்கில் இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஓட்டுநர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். எஞ்சின் உறுமும். பச்சை விழுந்ததும்... சர்ரென்று பறப்பார்கள்! அடுத்த சிக்னலை முதலில் தொடுபவர் வெற்றியாளர்.

கணக்குப் போடுவோமா?

கேட்க ஜாலியாக இருக்கிறது. ஆனால், கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் கார், ஒரு விநாடியில் எவ்வளவு தூரம் போகும்? 1,00,000 மீட்டரை 3,600-ஆல் வகுங்கள். ஏறக்குறைய 28 மீட்டர்! எதிரே ஒருவர் வருவதைக் கண் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள்ளாகவே கார் 28 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகும் அந்தக் காலக் கார் நிற்க இன்னும் 50 மீட்டர் வரை ஆகும்.

அன்று பல கார்களில் சீட் பெல்ட்டும் கிடையாது. அமெரிக்காவில் புதுக் கார்களில் சீட் பெல்ட் கட்டாயம் என்ற விதி 1968-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

பந்தயம் ஓட்டுகிற இருவரும் ஆபத்துக்குச் சம்மதித்துத்தான் ஓட்டுகிறார்கள். ஆனால், சாலையைக் கடக்கிற பாட்டி சம்மதித்தாரா? சைக்கிளில் வரும் சிறுவன்? அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லையே!

விளக்கு இடம் மாறியது

வேகத்தின் மேல் உள்ள ஆசையைத் திட்டியே போக்கிவிட முடியுமா? முடியாது என்று நினைத்தார் கலிபோர்னியாவைச் சேர்ந்த வாலி பார்க்ஸ். ‘இளைஞர்களுக்குச் சரியான இடத்தைக் கொடுப்போம்’ என்று, 1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். 1953 ஏப்ரலில் பொமோனா நகரின் கண்காட்சி மைதானத்தில் அதன் முதல் அதிகாரபூர்வப் பந்தயம் நடந்தது. அந்த ஊர்க் காவல்துறையே துணை நின்றது! மறு ஆண்டு, காவல்துறை சார்ஜெண்டாக இருந்த பட் கூன்ஸ் தலைமையில் நான்கு பேர் ஊர் ஊராகப் போய், பாதுகாப்பாகப் பந்தயம் நடத்தும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

நேர்த்தடம். தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். தலைக்கவசம், பெல்ட், வண்டிப் பரிசோதனை எல்லாம் உண்டு. குறுக்கே யாரும் வர மாட்டார்கள். இதுதான் ‘டிராக் ரேஸ்’. டெட்ராய்ட் பகுதியிலும் 1959-ல் இப்படி ஒரு தடம் திறந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் சங்கத்தின் தேசியப் போட்டி அங்கேதான் நடந்தது.

1963-ல் இந்தப் போட்டிகளுக்குப் புது விளக்குக் கம்பம் ஒன்று வந்தது. மேலிருந்து கீழாக மஞ்சள் விளக்குகள் எரியும், பிறகு பச்சை. அவசரப்பட்டு முன்னதாகப் புறப்பட்டால் சிவப்பு விழும். ஆள் அவுட்! தெருவில் தவறாகப் பயன்பட்ட விளக்கு, இப்படித் தன் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது.

ஷர்லி மல்டவுனி என்ற பெண்மணியும் இளம் வயதில் நியூயார்க் மாநிலத் தெருக்களில் கார்ப் பந்தயம் ஓட்டியவர்தான். பிறகு தடத்துக்கு வந்தார். மிக வேகமான ‘டாப் ப்யூவல்’ பிரிவில் 1977, 1980, 1982 என மூன்று முறை சாம்பியன் ஆனார்! 1984-ல் பந்தயத்தடத்தில் பெரும் விபத்தில் சிக்கிக் கால்கள் நொறுங்கின. நீண்ட சிகிச்சைக்குப் பின் மீண்டும் பந்தயத்துக்குத் திரும்பினார். தடத்திலும் ஆபத்து உண்டு. ஆனால், அங்கே மருத்துவ உதவி தயாராக இருக்கும். வழிப்போக்கர் யாரும் இருக்க மாட்டார்.

எல்லோரும் தெருவை விட்டுத் தடத்துக்கு வந்துவிட்டார்களா? இல்லை. தெருப் பந்தயம் இன்றும் அங்கே காவல்துறைக்குத் தலைவலிதான்.

துருவோடு ஒரு போர்

1973-ல் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பெட்ரோல் விலை ஏறியது. புகைக் கட்டுப்பாடும் வந்தது. பெரிய எஞ்சின் கார்களின் காலம் முடிந்தது. பல கார்கள் பழைய இரும்புக்குப் போயின. சிலர் மட்டும் தங்கள் காரை விடவில்லை.

பழைய கார் வைத்திருப்பது சுலபமில்லை. மிச்சிகனில் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். உப்புத் தண்ணீர் தெறித்தால் காரின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகிவிடும். அதனால், குளிர்காலம் முழுவதும் காரை வெளியே எடுக்காமல் பூட்டி வைப்பார்கள். உதிரி பாகங்களைத் தேடி அலைவார்கள். கார்புரேட்டரைக் கழற்றித் தங்கள் கையாலேயே சுத்தம் செய்வார்கள்.

1995-ல் நெல்சன் ஹவுஸ் என்ற குழாய் வேலை செய்பவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பெர்ன்டேல் என்ற ஊரில் குழந்தைகளுக்கு ஒரு கால்பந்து மைதானம் வேண்டும். அதற்குப் பணம் திரட்ட, உட்வர்டு சாலையில் பழைய கார்களின் உலா நடத்தினால் என்ன? நடத்தினார்கள். எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு கூட்டம் திரண்டது! கொரோனாவால் 2020-ல் மட்டும் ரத்தானது. மற்றபடி ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை இது நடக்கிறது. மக்கள் சாலையோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார்கள். கார்களோ ஆமை வேகத்தில் ஊர்ந்து போகின்றன!

பாய்ந்து பறந்த அதே வகைக் கார்கள்தான், குழந்தைகள் விளையாட ஓர் இடம் கேட்டு மெதுவாக ஊர்ந்தன. வேகம் தவறில்லை, செல்லங்களே. ஆனால், அதற்கு உரிய இடம் வேண்டும். சாலை எல்லோருக்கும் சொந்தம்.

செய்து பாருங்கள்!

இரண்டு கண்ணாடி டம்ளர்களில் பாதியளவு தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு ஸ்பூன் உப்பைக் கரையுங்கள். இரண்டிலும் ஒரு புது இரும்பு ஆணியைப் பாதி நனையும்படி சாய்த்து வையுங்கள். ஒரு வாரம் தினமும் பார்த்து, எதில் துரு அதிகம் என்று நோட்டில் எழுதுங்கள். ஆணியைப் பெரியவர் துணையோடு கையாளுங்கள்.