நிழல் போல் தொடரும் "குக்கீ" ஆசாமி! செல்போனில் இருந்து விரட்டுவது எப்படி?

பூட்டிய வீட்டுக்குள் திருடன் புகுந்தால் போலீசில் சொல்லலாம். சட்டைப் பையில் உள்ள செல்போனில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் எங்கே போனீர்கள், என்ன விலை கேட்டீர்கள் என்று குறித்து வைத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

அப்படி ஒரு ஆசாமி இருக்கிறான். பெயர் "குக்கீ". தின்கிற பிஸ்கட் அல்ல!

ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதருக்கு மூல வியாதி. வெட்கப்பட்டு மனைவியிடம் கூட சொல்லவில்லை. இரவு எல்லோரும் தூங்கியபிறகு, இதற்கு என்ன மருந்து என்று செல்போனில் தேடுகிறார்.

மறுநாள் காலை தாம்பரம் மின்சார ரெயிலில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறார். ஸ்கோருக்குக் கீழேயே கொட்டை எழுத்தில் மூல மருந்து விளம்பரம்! பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்து, "என்னா சார், ரொம்ப நாளா இருக்கா?" என்கிறார்.

யார் காட்டிக் கொடுத்தது?

டோக்கன் ரகசியம்

ஜவுளிக்கடை வாசலில் பையை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுப்பார்கள் அல்லவா? குக்கீ அந்த மாதிரிதான். இணையத்தில் ஒரு கடைக்குள் போனதும், உங்கள் பிரவுசரில் ஒரு நம்பர் எழுதிய துண்டுச் சீட்டைப் போட்டு வைக்கிறார்கள். நீங்கள் கூடையில் எடுத்துப்போட்ட சாமான் மறுபடி வந்தாலும் அப்படியே இருப்பது இந்தச் சீட்டினால்தான். இதில் தப்பு இல்லை.

1994-ல் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் கம்பெனியில் வேலை பார்த்த லூ மான்டுல்லி இதைக் கண்டுபிடித்ததும் இந்த மாதிரி காரியத்துக்காகத்தான்.

கைவரிசை காட்டியவர்கள் விளம்பரக் கம்பெனிக்காரர்கள். ரங்கநாதன் தெருவில் கடைக்குக் கடை ஒரே கம்பெனியின் ஆள் நின்று, உங்கள் டோக்கன் நம்பரைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டால் எப்படி இருக்கும்? ஆயிரக்கணக்கான தளங்களில் அவர்களுடைய விளம்பரப் பெட்டி இருக்கிறது. மருந்துப் பக்கத்தில் போட்ட சீட்டையே ஸ்கோர் பக்கத்திலும் படிக்கிறார்கள். இதற்குப் பெயர் "தேர்டு பார்ட்டி குக்கீ". மூன்றாவது ஆள் போட்ட சீட்டு!

15 கோடி அபராதம்

2022 ஜனவரியில் பிரான்ஸ் நாட்டின் கண்காணிப்பு அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோ, பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் தீட்டியது. குற்றம் என்ன? "சம்மதம்" சொல்ல ஒரே அழுத்து. "வேண்டாம்" சொல்லப் பல அழுத்து!

ஆப்பிளின் சபாரி பிரவுசர் 2020 முதல் இந்தச் சீட்டுகளை வாசலிலேயே தடுக்கிறது. பயர்பாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் சீட்டையும் தனித்தனி ஜாடியில் அடைத்துவிடுகிறது.

பெரும்பாலோர் வைத்திருக்கும் குரோம்? 2 ஆண்டில் ஒழிப்போம் என்று 2020-ல் கூகுள் அறிவித்தது. தள்ளிப்போட்டது. மறுபடியும் தள்ளிப்போட்டது. 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் பிழைக்கிற கம்பெனி வேறு என்ன செய்யும்?

ஆகவே குரோம்காரர்கள் தாங்களேதான் செய்துகொள்ள வேண்டும். மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொடுங்கள். செட்டிங்ஸ், அதில் சைட் செட்டிங்ஸ், அதில் தேர்டு பார்ட்டி குக்கீஸ். அங்கே "பிளாக்" என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வேலை அரை நிமிடம்தான்.

ஏற்கெனவே விழுந்து கிடக்கும் சீட்டுகளையும் ஒருமுறை அழித்துவிடுவது நல்லது. பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அழித்ததும் எல்லா இடத்திலும் மறுபடி கேட்பான்! தடுத்த பிறகு ஏதாவது ஒரு தளம் மக்கர் செய்தால், அதற்கு மட்டும் அனுமதி கொடுக்க வழி உண்டு.

இத்தோடு தொல்லை முழுசாக ஒழியாது. பெயர் கொடுத்து உள்ளே நுழைந்த இடத்தில் உங்களை அறிய சீட்டு தேவையில்லை. செல்போன் "ஆப்"களுக்கு விளம்பர நம்பர் என்று ஒன்று தனியாக இருக்கிறது. புதிய ஆண்ட்ராய்டு போன்களில் கூகுள் செட்டிங்ஸில் "ஆட்ஸ்" பகுதிக்குப் போய் அதை நீக்கலாம்.

நம்ம குமாஸ்தாவுக்கு இன்னொரு வழி, குரோமின் "இன்காக்னிட்டோ" ஜன்னல். அதை மூடியதும் அதில் விழுந்த சீட்டுகள் போய்விடும். ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து மருந்து தேடினால், எந்தத் தளத்துக்குப் போனார் என்பதை ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவால் கண்டுபிடிக்க முடியும்.