தெரியாத மொழியில் ஓர் ஒப்புதல்

1993 ஜூலையில் மட்டக்களப்புப் பக்கம் நடந்த சுற்றிவளைப்பில், வீட்டில் நித்திரையில் இருந்த ஒரு தமிழ் இளைஞரும் பிடிபட்டார். சிங்களம் வாசிக்கத் தெரியாதவர். ஐந்து மாதம் கழித்து அவர் சொன்னதாக ஒரு வாக்குமூலம் வந்தது. தட்டச்சாகியிருந்தது சிங்களத்தில். இடையில் நின்று மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள். அடியில் இளைஞரின் பெருவிரல் அடையாளம்.

அந்தத் தாளை விட்டால் வழக்கில் வேறு சாட்சியம் இல்லை. 1995இல் மேல் நீதிமன்றம் விதித்த தண்டனை 50 ஆண்டு. மேன்முறையீட்டில் அது 35 ஆனது.

அந்தத் தாளைச் செல்லுபடியாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் தடுப்புக்காவல் மாதங்களைத்தான் எண்ணுகிறார்கள். எனக்கு அந்தத் தாள்தான் உறுத்துகிறது.

பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதலை நீதிமன்றம் ஏற்காது என்று 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டமே சொல்லிவிட்டது. பூட்டிய அறைக்குள் என்ன நடக்கும் என்பதை வெள்ளைக்காரர் காலத்திலேயே அறிந்திருந்தார்கள். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அந்தக் கதவைத் திறந்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் பதவிக்குக் குறையாத அதிகாரி பதிந்த வாக்குமூலம் செல்லும். அதைப் பலவந்தமாக வாங்கினார்கள் என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு வாக்குமூலம் கொடுத்தவருடையது.

அடிபட்டவர் எதைக்கொண்டு நிரூபிப்பார்? பக்கத்தில் சட்டத்தரணி இல்லை. இந்த வழக்கில் முதுகிலும் கண்ணிலும் தழும்பு இருப்பதாக மருத்துவ அறிக்கையே வந்தது. முன்பே நீதவானிடம் ஏன் முறையிடவில்லை என்பது அவருக்கு எதிராகவே எடுக்கப்பட்டது. வாய் திறந்தால் இரவு எந்தக் கைகளுக்குத் திரும்பிப் போகவேண்டிவருமோ என்று அஞ்சுகிறவன் நீதவான் முன்னால் என்ன பேசுவான்?

2019 உயிர்த்த ஞாயிறன்று 250க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட நாட்டில் கடுமையான சட்டம் வேண்டும் என்போர் உண்டு. அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் குற்றம் செய்யாதவர் உள்ளே போனால் குண்டு வைத்தவர் வெளியில்தானே நிற்கிறார்?

மூன்று ஆண்டுக்கென்று கொண்டுவந்த சட்டம் இது. 1982இல் நிரந்தரமாக்கினார்கள், பெயரில் மட்டும் 'தற்காலிக ஏற்பாடுகள்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2022இல் திருத்தம் வந்தபோது ஆறுதலாக இருந்தது. தடுத்துவைக்கும் உச்சக் காலம் 18 மாதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தது. பிணைக்கும் ஒரு வழி திறந்தது. 16ஆம் பிரிவைத் தேடினேன். இருந்த இடத்திலேயே இருந்தது. மாற்றுச் சட்டமூலங்கள் 2018இலும் 2023இலும் வந்தன, போயின. அடுத்தது வரும்போது முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவேன்.

மட்டக்களப்பு இளைஞரின் வழக்கு ஜெனீவா வரை போனது. தனக்குத் தெரியாத மொழியில் இருந்த வாக்குமூலத்தைப் பொய்யென்று நிரூபிக்கும் பாரத்தை அவர் தலையில் ஏற்றியதால் நீதியான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு முடிவு சொன்னது. விடுவியுங்கள், இல்லையேல் மறுபடி விசாரியுங்கள் என்றது. அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நாட்டின் உயர் நீதிமன்றத்தில் மனுப்போட்டார்கள். அத்தகைய முறைப்பாடுகளுக்கு வழிவிடும் உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006இல் தீர்ப்பு வந்தது. மறுவிசாரணை இல்லை. 35 ஆண்டு அப்படியே நின்றது.