கல்லடிக் கடற்கரை: இரண்டு தண்ணீருக்கு நடுவில் ஒரு விடுமுறைத் தலம்

மட்டக்களப்பு நகரிலிருந்து பாலத்தைக் கடந்தால் கல்லடி. ஞாயிறு மாலைகளில் கச்சானும் இறால் வடையும் விற்கும் வண்டிகள், மணலில் ஓடும் பிள்ளைகள், கால் நனைக்கும் பெரியவர்கள் என்று கடற்கரை நிறைந்துவிடும். போருக்குப் பிறகு எங்கள் சனத்துக்குக் கிடைத்த, செலவில்லாத சில சந்தோசங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் அங்கு விளையாடும் பிள்ளைகள் 2004 இல் பிறந்திருக்கவில்லை. சுனாமியின்போது பாடசாலை மாணவராக இருந்த என் தலைமுறை, அந்த நிலத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்லவேண்டியது இருக்கிறது.

கல்லடி ஒரு ஒடுங்கிய நிலத்துண்டு. கிழக்கே கடல், மேற்கே வாவி. வடக்கே நாவலடியில் நிலம் இன்னும் மெலிந்து முகத்துவாரத்தில் முடிகிறது. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை கடலிலிருந்து தப்பி ஓடிய நாவலடி மக்களுக்கு முன்னால் வாவி கிடந்தது. அந்தக் கிராமம் ஏறத்தாழ முழுதாக அழிந்தது. கல்லடி திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் அன்று சாய்ந்தது.

சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்து, அலை எங்கள் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. நேரம் இருந்தது. சொல்வதற்குத்தான் யாரும் இருக்கவில்லை. பசுபிக் சமுத்திரத்தில் இருந்ததைப் போன்ற எச்சரிக்கை முறை அப்போது இந்து சமுத்திரத்தில் இல்லை.

பிறகு, கரையோரத்தில் வீடு கட்டுவதற்குத் தடை வந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். நாங்கள் இருந்த பக்கத்துக்குத்தான் இரண்டு மடங்கு. பின்னர் அது தளர்த்தப்பட்டாலும், நாவலடியில் தப்பியவர்கள் பலர் அதற்குள் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் திராய்மடுவில் குடியேற்றப்பட்டிருந்தார்கள். குடியிருப்பு போன இடத்துக்கு அருகேதான் இன்று நாம் பொழுதுபோக்கப் போகிறோம்.

2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரிய நிலநடுக்கம். இம்முறை எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் வெளியேறினார்கள். பேரலை வரவில்லை. ஆனால் கல்லடியிலிருந்து நகருக்குப் போக அன்று இருந்தது 1924 இல் கட்டிய ஒடுக்கமான பழைய பாலம் மட்டுமே. பக்கத்தில் அகலமான புதிய பாலம் திறக்கப்பட்டது 2013 இல்தான்.

கடற்கரைக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகும்போது பிள்ளைகளுக்கு மூன்று விசயங்களைச் சொல்லிவையுங்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் பார்க்க நிற்காமல் உடனே கரையை விட்டு ஓடவேண்டும். எச்சரிக்கை வந்தால் பாலத்தைக் கடக்கவேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் உறுதியான மாடிக் கட்டடத்தில் ஏறவேண்டும். முதல் அலை திரும்பியதும் இறங்கிவிடக் கூடாது, அடுத்தது அதைவிடப் பெரிதாக வரலாம்.

நாவலடி நினைவிடத்தில் டிசம்பரில் விளக்கேற்றுகிறோம். இதைச் சொல்லிக்கொடுக்க டிசம்பர் வரை காத்திருக்கத் தேவையில்லை.